யோசெப்பின் பின்னால் இருக்கிறாள்

1

1999 யூன் 11, வெள்ளிக்கிழமை, காலை ஏழு மணி இருபத்தைந்து நிமிடம். கொட்டாஞ்சேனையில் தூறல், காற்று தென்மேற்கிலிருந்து. என் வீட்டுத் தொலைபேசி அடித்தது. இந்தக் கதை தோன்றிய இடம் அதுவென்று ஒப்புக்கொண்டு தொடங்குகிறேன். கனவில் வந்தது, காற்றில் வந்தது என்றெல்லாம் சொல்ல வழியில்லை. சிங்களத்தில் வந்தது.

பேசியவர் ஒரு பெண் பொலிஸ். வெள்ளவத்தைப் பாலத்தடிச் சோதனைச் சாவடியிலிருந்து பேசுவதாகச் சொன்னார். இந்த வீட்டின் பிரதான குடியிருப்பாளர் நான்தானா என்று கேட்டார். ஆம் என்றேன். யோசெப்பின் என்று ஒருவர் இங்கே வசிக்கிறாரா என்று கேட்டார். பின்பகுதி இரண்டு அறைகளில் கணவன் நிக்கலஸோடு நான்கு ஆண்டுகளாக வாடகைக்கு இருக்கிறாள் என்றேன். பொலிஸ் பதிவுப் படிவத்தில் இருவருடைய பெயர்களும் இருக்கின்றன, முத்திரையும் இருக்கிறது என்று கேளாமலே சேர்த்துச் சொன்னேன். அந்த ஆண்டுகளில் கொழும்புத் தமிழ் வீட்டுக்காரர் எவரும் கேளாமலே சேர்த்துச் சொல்லும் விவரம் அது.

"அவ இப்ப எங்க இருக்கிறா, தெரியுமா?"

"கணவனின் மோட்டார் சைக்கிளில், பின்னால் இருக்கிறாள்."

"இல்லை," என்றார் அவர். "எனக்கு முன்னால் இருக்கிறா."

என் விடையில் வாக்கியம் என்ற அளவில் குறை எதுவும் இல்லை. நடந்ததோடு மட்டும் அது பொருந்தவில்லை. அதே வேளையில், பாலத்துக்குத் தெற்கே சில கிலோமீற்றர் தொலைவில், நிக்கலஸும் அதே வாக்கியத்தை முழுமையாக நம்பிக்கொண்டு வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான்.

ஒருவரும் இல்லாத பின்னிருக்கையோடு ஒரு மனிதன் கால் மணி நேரம் அன்பாகக் கதைத்துக்கொண்டு போவது எப்படி இயலும்? அதை அறியவே எழுதுகிறேன். அறிய முடியாவிட்டால் அதையும் எழுதுவேன்.

2

(முன் பிரிவில் சொன்னதைத் திருத்த வேண்டியிருக்கிறது.)

தொலைபேசி அடிப்பதற்கு முன்பே, மூன்று வாரங்களாக, இதே ஆட்களை வைத்து வேறொரு கதையை எழுத முயன்றுகொண்டிருந்தேன். நிக்கலஸ் தன் மனைவியை மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கைக்குப் பழக்கிக்கொண்டிருந்த வாரங்கள் அவை. அவளுக்கு அது பெரும் அச்சம். அச்சத்துக்குக் காரணம் என்ன என்பதில் எனக்கு அடங்காத ஆர்வம். காரணம் தெரியாமல் பாத்திரத்தை வீதியில் இறக்கக் கூடாது என்பது என் கொள்கை. மூன்று தொடக்கங்களை எழுதினேன்.

முதலாவது: "யோசெப்பின் ஏழு வயதில் தன் மாமாவின் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்—"

இந்தப் பக்கத்தை அவளுக்கே வாசித்துக் காட்டினேன்.

"எனக்கு மாமாவே இல்லை, அங்கிள்."

"கதைக்கு ஒரு மாமா வேணும், பிள்ளை."

"அப்ப அவரை விழுத்துங்கோ. என்னை ஏன் விழுத்துறீங்கள்?"

கைவிட்டேன்.

இரண்டாவது: "அது யுத்த காலம். எந்தத் தெருவில் எந்நேரம் எது வெடிக்கும் என்று—"

இது உண்மை, ஆனால் அவளுடைய உண்மை என்று சொல்வதற்கில்லை. ஒருகொடவத்தையில் உள்ள வேலைத்தலத்துக்குப் பதினொரு ஆண்டுகளாகப் பஸ்ஸில் போய் வந்தவள் அவள். அக்காலத்தில் கொழும்பில் மக்கள் அஞ்சியது பஸ்ஸுக்குத்தான். அதில் அவள் ஜன்னலில் தலை சாய்த்து உறங்குவாள். அதே தெருவில் மோட்டார் சைக்கிளில் போகும்போது கண்ணை இறுக மூடுவாள். போரைக் காரணமாகக் காட்டுவது எழுதுபவனுக்கு மிகவும் வசதி. அந்த வசதியே எனக்கு ஐயத்தைத் தந்தது.

மூன்றாவது: "அவளுக்குக் கணவன்மேல் நம்பிக்கை—"

(இதை ஒருவருக்கும் வாசித்துக் காட்டவில்லை.)

3

காரணம் கிடைக்காதபோது விவரங்களை எழுதுவது நல்லது.

யோசெப்பினுக்கு முப்பத்து நான்கு வயது. ஒருகொடவத்தையில் ஆடை நிறுவனம் ஒன்றின் களஞ்சியத்தில் தரப் பரிசோதகர். தைத்து வந்த சட்டைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, குறையுள்ளதை ஒதுக்கிப் போடுவது வேலை. நாள் முழுவதும் நின்றபடி. அந்த நிறுவனம் இரத்மலானையில் புதிய பிரிவு ஒன்றைத் திறந்தது. அங்கே மேற்பார்வையாளர் பதவிக்கு அவளைத் தெரிவு செய்து கடிதம் வந்தது. பதவியோடு ஒரு மேசையும் உண்டு. அவள் பெயர் எழுதிய பலகையும் உண்டு.

கடிதத்தோடு ஒரு படிவம் இணைக்கப்பட்டிருந்தது. அதில் இரண்டு வரிகள்: ஏற்றுக்கொள்கிறேன், ஏற்றுக்கொள்ளவில்லை. பொருந்தாததை வெட்டிவிட்டுக் கையெழுத்திட்டு, சாட்சி ஒருவரிடமும் கையெழுத்துப் பெற்று, யூன் 11ஆம் திகதி நண்பகலுக்கு முன் இரத்மலானை அலுவலகத்தில் கையளிக்க வேண்டும். பிந்தினால் பதவி அடுத்தவருக்கு.

வேலை தொடங்குவது காலை ஏழரைக்கு. கொட்டாஞ்சேனையிலிருந்து இரண்டு பஸ். வழியில் சோதனைச் சாவடிகளில் எல்லோரும் இறங்கி நடந்து மறுபடி ஏற வேண்டும். அவள் இரண்டு நாள் போய்ப் பார்த்தாள். ஐந்து மணிக்குப் புறப்பட்டும் இரண்டு நாளும் பிந்தினாள். நிக்கலஸோ இரத்மலானையிலேயே, கைத்தொழிற்பேட்டைத் தொழிற்சாலை ஒன்றில், கொதிகலன் திருத்துபவன். நாள்தோறும் ஆறே முக்காலுக்குக் கைமாறி வாங்கிய ஹொண்டாவில் புறப்படுவான். பின்னிருக்கை காலியாகவே போகும்.

ஆகவே எல்லாம் அந்த இருக்கையில் வந்து நின்றது.

"எனக்கு அந்த மேசை வேணும், அங்கிள்," என்றாள் ஒருநாள் கிணற்றடியில். "அந்த மேசைக்குப் போற வழிதான் வேண்டாம்."

4

பாடங்கள் ஞாயிறு பூசைக்குப் பின்னும், கிழமை நாட்களில் மாலையிலும், தேவாலயத்துக்குப் பின்புற வீதியில் நடைபெற்றன. நான் மேல்மாடத்திலிருந்து பார்த்தவற்றையும் கேட்டவற்றையும் திருத்தாமல் தருகிறேன்.

"அரிசி மூட்டை மாதிரி இரு, யோசி. மூட்டை பயப்பிடுதா?"

"மூட்டையைக் கயிறு போட்டுக் கட்டுவினம். எனக்குக் கயிறு எங்க?"

வளைவு ஒன்றில் வண்டி தள்ளாடி நின்றது.

"நான் சரிஞ்சா நீயும் அதே பக்கம் சரியவேணும் எண்டு சொன்னனான்தானே!"

"நீங்கள் விழப்போறீங்கள் எண்டல்லோ நான் மற்றப் பக்கம் சரிஞ்சனான். ரெண்டு பேரும் ஒரே பக்கம் விழுந்தால் ஆர் தூக்குறது?"

அடுத்து, பள்ளங்களை முன்கூட்டியே சொல்வதாக அவன் உறுதி கொடுத்தான். கொடுத்த பின், ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டி விழுந்தெழுந்ததும் "பள்ளம்!" என்று கத்தினான்.

"தெரியும்," என்றாள் அவள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "எனக்கு முதலே தெரிஞ்சுபோச்சு."

சந்தியில் இடியப்பம் விற்கும் வெள்ளையம்மா இதை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். ஹற்றன் பக்கத்திலிருந்து வந்து ஜிந்துப்பிட்டியில் குடியேறியவர். "என்னாம்மா, சாமி ஊர்வலமா? அஞ்சாவது சுத்து சுத்துறீங்க! இறங்கித் தேங்காய் ஒடச்சிட்டுப் போங்க!"

யோசெப்பினுக்கு முதன்முதலாக அந்தச் சவாரியில் சிரிப்பு வந்தது. சிரித்ததில் பிடி விட்டது. பிடி விட்டதும் அலறினாள்.

* இங்கே ஓர் அடிக்குறிப்பு அவசியம். பாவாடை அணிந்த பெண், கால்கள் இரண்டையும் இடது புறம் தொங்கவிட்டு ஒருபக்கமாகவே அமர்வாள். அவளுக்குத் தெரிவது உலகின் இடது பாதி மட்டும். முன்னால் தெரிவது ஒரு ஹெல்மெட்டின் பிடரி. இரத்மலானைக்குப் போகும்போது இடது பாதி என்பது கடைகளும் சுவர்களும். திரும்பி வரும்போது, காலிமுகத்திடலில், அது கடல்.

யூன் 6, ஞாயிற்றுக்கிழமை, நீண்ட பாடம் ஒன்றுக்காக வெள்ளவத்தை வரை போய்த் திரும்பினார்கள். காலிமுகத்திடல் வந்ததும் அவள் அமைதியானாள். துறைமுகத்துக்கு வெளியே உள்நுழையக் காத்து நின்ற கப்பல்களை எண்ணிக்கொண்டிருந்தாள். ஏழு வரை வந்துவிட்டாள். பின்னால் சத்தம் இல்லாததால் நிக்கலஸ் கலவரமடைந்து தலையைத் திருப்பி "பயமா?" என்று கேட்டான்.

அந்தக் கணத்திலேயே அவளுக்குப் பயம் வந்துவிட்டது.

வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் சொன்னாள்: "நான் பயமில்லாமத்தான் இருந்தனான். நீங்கள் கேட்டுத்தான் வந்தது. இனிமேல் திரும்பிப் பாக்கவும் கூடாது, பயமா எண்டு கேக்கவும் கூடாது. சத்தியம் பண்ணுங்கோ."

பண்ணினான். ஆனால் அவனும் ஒன்று கேட்டான்: அவள் அசையாமல், பிடித்து இழுக்காமல், அவள் இருப்பதே தனக்குத் தெரியாதபடி இருக்க வேண்டும். நல்ல சவாரிக்கு அதுவே அடையாளமாம்.

ஐந்தே நாட்களில் இருவரும் அதில் தேர்ச்சி பெற்றனர். கதையின் அழகுக்காக இதைச் சொல்லவில்லை. வரப்போகும் விபரீதத்தின் காரணமாகப் பதிவு செய்கிறேன்.

5

இனிப் பாலம்.

வெள்ளிக்கிழமை அவள் விடுப்பு எடுத்திருந்தாள். இரத்மலானை வரை முழுப் பயணம். அதன் முடிவில், மனம் எப்படி இருக்கிறதோ அப்படிப் படிவத்தில் ஒரு வரியை வெட்டி, அங்கேயே கையளிப்பது. கையெழுத்திடாத படிவம் அவளுடைய கைப்பையில் இருந்தது. அடையாள அட்டைகள் இரண்டும், தூறல் காரணமாக, பொலித்தீன் உறையில் நிக்கலஸின் சட்டைப் பையில். அவள் இரு கைகளாலும் பிடித்துக்கொள்ளட்டும் என்ற கரிசனையும் அதில் இருந்தது.

சாவடியில் முறை இது: பின்னால் இருப்பவர் இறங்கி, பாதசாரிகள் ஒழுங்கையால் நடக்க வேண்டும். பெண்களின் பையைத் தட்டிக்கு அப்பால் பெண் பொலிஸ் பார்ப்பார். ஓட்டுபவர் ஹெல்மெட்டைக் கழற்றி, வண்டியைத் தள்ளிக்கொண்டு வாகன ஒழுங்கையால் போய், இருவருடைய அட்டைகளையும் காட்டி, சாவடி தாண்டியதும் பின்னிருப்பவரை ஏற்றிக்கொள்ள வேண்டும்.

நிக்கலஸ் இரண்டு அட்டைகளையும் காட்டினான். வாங்கிச் சட்டைப் பையில் வைத்தான். ஹெல்மெட்டை அணிந்தான். தாண்டி நின்றான். யோசெப்பின் வந்து, ஏறுவதற்கு முன், சாப்பாட்டுப் பையை இருக்கையின் பின்முனையில் ரப்பர் பட்டியால் இழுத்துக் கட்டினாள். அந்த அமுக்கத்தை அவன் உணர்ந்தான். அப்போது பெண் பொலிஸ் அவளைக் கூப்பிட்டார்; அவளுடைய குடை, பையைப் பார்த்த மேசையிலேயே இருந்தது. அவள் ஓடினாள். அதே கணத்தில், அங்கே நிற்க வேண்டாம் என்று இராணுவத்தினர் ஒருவர் விசில் ஊதினார்.

"ஏறிட்டியா?" என்று தான் கேட்டதாக நிக்கலஸ் சொல்கிறான். "ம்" என்று விடை வந்ததாகவும் சொல்கிறான்.

(அந்த "ம்" யாருடையது என்பதைக் கண்டறிய எனக்கு இயலவில்லை. கண்டறியாமலே விடுகிறேன்.)

அவள் குடையோடு திரும்பி வந்தபோது வீதியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"மஹத்தயா கோ?" என்று கேட்டார் பெண் பொலிஸ். கணவன் எங்கே?

"கியா," என்றாள் யோசெப்பின். போய்விட்டார்.

"ஐடென்டிட்டி?"

"அதுவும் போயிட்டுது."

கொட்டாஞ்சேனைத் தமிழ்ப் பெண். அடையாள அட்டை இல்லை. இறக்கிவிட்ட மோட்டார் சைக்கிள் மாயம். நிற்கும் இடம் பாலம். இந்த நான்கையும் ஒரு பொலிஸ்காரரின் கண்ணால் ஒரு தடவை வாசித்துப் பாருங்கள். அவளை உட்கார வைத்தார்கள். தொலைபேசி இலக்கம் கேட்டார்கள். அவள் என்னுடையதைக் கொடுத்தாள்.

6

நிக்கலஸ் போய்க்கொண்டிருந்தான். இந்தப் பகுதியை அவனிடம் நான்கு தடவை சொல்லச் செய்து, நான்கிலும் மாறாதவற்றை மட்டும் எழுதுகிறேன்.

அவனுக்கு மிகுந்த மகிழ்ச்சி. வளைவுகளில் எதிர்ப்பக்கச் சாய்வு இல்லை. முதுகில் நகம் இல்லை. பள்ளங்களை இன்று ஒழுங்காக, வருவதற்கு முன்னரே சொன்னான். சத்தியத்தை மதித்துத் திரும்பிப் பார்க்கவில்லை, பயமா என்று கேட்கவும் இல்லை. யோசெப்பின் நாற்பத்தொரு கிலோ. சாப்பாட்டுப் பையோ பருப்பும் சோறும் மூன்று தட்டு. (வாசகர் இதை நம்பமாட்டார் என்று அறிவேன். நானும் நம்பவில்லை. பின்பு என் மூக்குக்கண்ணாடி நெற்றியில் இருக்க அதையே அரை மணி நேரம் தேடிய நாளை நினைத்து, நம்பினேன்.)

தெகிவளை தாண்டியதும், முன்னால் பார்த்தபடி, அவன் ஒன்று சொன்னான். மூன்று வாரங்களாகச் சொல்ல எண்ணி, முகத்துக்கு முன் சொல்ல வராதது:

"நீ வேண்டாமெண்டு எழுதினாலும் பரவாயில்லை, யோசி. எனக்குக் கோவம் வராது. நான் பழக்கினதுக்காக நீ ஓம் எண்டு போடவேண்டாம்."

விடை வரவில்லை. அவள் யோசிக்கிறாள் என்று அவன் நினைத்தான்.

யோசெப்பின் இதை முதன்முதலாக இந்தப் பக்கத்தில்தான் வாசிப்பாள். அவளிடம் சொல்லட்டுமா என்று கேட்டேன். "எழுதுங்கோ, அங்கிள். சொல்லாதேங்கோ," என்றான்.

தொழிற்சாலை வாயிலில் காவலாளி வின்சன்ற் நின்றான். நிக்கலஸ் வண்டியை நிறுத்தி, திரும்பாமலே வெற்றிக் குரலில் சொன்னான்:

"பாத்தியா? ஒரு பயமும் இல்லை!"

"எனக்கென்ன பயம், அண்ணே?" என்றான் வின்சன்ற்.

"உன்னை இல்லையடா. இவவை."

"எவவை?"

நிக்கலஸ் அப்போது திரும்பினான்.

(தெகிவளையிலேயே கண்டுபிடித்துவிட்டதாக நிக்கலஸ் சிலரிடம் சொல்லி வருகிறான். வின்சன்றின் சாட்சியத்தை நான் ஏற்கிறேன். அவனுக்கு இதில் மானப் பிரச்சினை எதுவும் இல்லை.)

7

பொலிஸ் பதிவுப் படிவத்தை எடுத்துக்கொண்டு முச்சக்கர வண்டியில் புறப்பட்டேன். அவள் அழுதுகொண்டிருப்பாள் என்று எதிர்பார்த்து, ஆறுதல் வாக்கியம் ஒன்றைப் பம்பலப்பிட்டி வரை செப்பனிட்டுக்கொண்டே போனேன். அது பயன்படவில்லை.

எட்டு மணி பத்து நிமிடம். மணல் மூட்டைகளுக்குப் பக்கத்தில், வீதியைப் பார்த்தபடி, பிளாஸ்ரிக் கதிரையில் யோசெப்பின் இருந்தாள். அருகில் அந்தப் பெண் பொலிஸ். இருவரும் சிங்களத்தில் தாழ்ந்த குரலில் எதையோ விவாதித்துக்கொண்டிருந்தனர்.

சாவடிப் பொறுப்பில் இருந்த சார்ஜன் என் படிவத்தை வாங்கி முத்திரையைப் பார்த்தார். மரியாதையாகவே பேசினார். வீடு சரி, ஆனால் அட்டையும் கணவனும் வர வேண்டும். ஒன்பது மணி வரை பார்ப்பார். வராவிட்டால் பொலிஸ் நிலையத்துக்கு அனுப்புவார். அங்கே விசாரணை முடிய மாலையாகும்.

மாலையானால் நண்பகல் போய்விடும். நண்பகல் போனால் மேசை போய்விடும். இதை அவளிடம் மெதுவாகச் சொல்லத் தொடங்கினேன்.

"தெரியும், அங்கிள். கொஞ்சம் இதில நிண்டு பாருங்கோ. அந்தா, மஞ்சள் சட்டைப் பிள்ளை வாறா. அவ பயந்தவ."

"எப்படித் தெரியும்?"

"கையைப் பாருங்கோ. அவர்ர தோளிலயா இருக்கு? சீற்றுக்கு அடியில இருக்கு. நானும் இப்ப அப்படித்தான் பிடிக்கிறனான்." ஒரு மணி நேரமாக அவள் அந்தச் சாவடியில் இறங்கி ஏறும் பெண்கள் ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், தைத்த சட்டைகளைப் புரட்டுவதைப் போல. "இந்தா, இவ பயப்பிடேல்லை. ஏன், தெரியுமா? இவதான் ஓட்டுறா. அவர் ஹாண்டிலைப் பிடிச்சுக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். பாத்தீங்களா, முதுகில ஒரு தட்டு. அவர் உடன நிப்பாட்டிப்போட்டார்."

பெண் பொலிஸ் தலையசைத்தார். தன் அய்யாவின், அதாவது அண்ணனின், வண்டியில் தானும் ஏறுவதில்லை என்று சொல்லியிருந்தாராம்.

"பஸ்ஸில நான் ஏன் நித்திரை கொள்ளுறனான், அங்கிள்? அதில மணி இருக்கு. பிடிக்கேல்லையெண்டால் அடிச்சுப்போட்டு இறங்குவன். இதில மணி எங்க? அவர் நினைச்சால் போவார், நினைச்சால் நிப்பாட்டுவார். இண்டைக்கு என்னை விட்டுட்டே போயிட்டார்!"

என் மூன்று தொடக்கங்களும் அந்த இடத்தில் காலாவதியாயின. மாமா, யுத்தம், நம்பிக்கை என்று மூன்று வாரம் தேடியிருந்தேன். அவளிடம் ஒரு தடவை கூட, பஸ்ஸில் ஏன் உறங்குகிறாய் என்று கேட்கவில்லை. (இக்கதைக்கு இலக்கமிட்ட பிரிவுகளை வைத்தது பிற்பாடு இதை எண்ணித்தான். விரும்பாதவர் எந்த இலக்கத்திலும் இறங்கிக்கொள்ளலாம்.)

எட்டு மணி நாற்பது நிமிடத்துக்கு நிக்கலஸ் வந்தான். அவனுடைய முகத்தைப் பற்றி எழுதிய நான்கு வாக்கியங்களை வெட்டிவிட்டேன். காற்சட்டை முழங்கால் வரை சேறு; அது போதும்.

"யோசி!"

"எங்க போனனீங்கள்?"

"வீதியோரக் கான், சாக்கடை எல்லாம் பாத்தன். இரத்மலானையில இருந்து ஒவ்வொரு கானா இறங்கிப் பாத்தன். ஆக்களிட்ட எல்லாம் கேட்டன், ஒரு பொம்பிளை விழுந்து கிடக்கிறாவா எண்டு..."

"நான் கானுக்குள்ள விழுந்திட்டன் எண்டா நினைச்சீங்கள்?"

"வேற எங்க நீ போவாய்?"

"இறங்கின இடத்தில நிண்டிருப்பன் எண்டு நினைக்கேல்லையா?"

அவன் குனிந்து காற்சட்டைச் சேற்றைத் தட்டிவிட்டான்.

"மூண்டு கிழமை பழக்கினீங்கள்," என்றாள். குரலில் கோபத்தை விட அதிகமாக வியப்பு இருந்தது. "நான் விழுவன் எண்டு நினைச்சுக்கொண்டா பழக்கினீங்கள்?"

அந்த வண்டியில் அச்சப்படுபவர் ஒருவர் என்றே நான் எண்ணியிருந்தேன். எண்ணிக்கை பிழை.

சார்ஜன் அட்டைகள் இரண்டையும் பார்த்தார், நிக்கலஸைப் பார்த்தார், தம் சகாவிடம் சிங்களத்தில் சொன்னார்: "இவனை விட்டுவிடு. பெண்டாட்டியையே கொண்டுபோகத் தெரியாதவன் வேறு எதைக் கொண்டுபோகப் போகிறான்?" அதை நான் மொழிபெயர்க்கவில்லை. இருவருக்கும் சிங்களம் நன்றாகத் தெரியும்.

8

முடிவுகளை மூன்றாக எழுதி வைத்திருக்கிறேன்.

(அ) அவள் ஏற்றுக்கொள்கிறாள், பயம் தீர்ந்து, காற்றில் கூந்தல் பறக்க— (ஹெல்மெட்டுக்குள் கூந்தல் பறக்காது. கைவிடப்பட்டது.)

(ஆ) அவள் மறுக்கிறாள், நிக்கலஸ் மறுநாள் வண்டியை விற்க— (அவன் விற்கமாட்டான்.)

(இ) அவள் ஏற்றுக்கொள்கிறாள், ஆனால் வண்டியில் ஏறாமல், விடியமுன் பஸ்ஸில் புறப்பட்டு— (இது எனக்குப் பிடித்திருந்தது. பிடித்திருந்ததே இதற்கு எதிரான சாட்சி.)

மூன்றையும் ஒதுக்கிவிட்டு, நான் கண்டதைக் கண்ட இடம் வரைக்கும் தருகிறேன். அதற்குப் பின் என்ன நடந்தது என்பதும் எனக்குத் தெரியும்; இன்றும் அவர்கள் என் வீட்டின் பின்பகுதியில்தான் இருக்கிறார்கள். கேட்காதீர்கள். அது வேறு நாட்களைச் சேர்ந்தது.

யோசெப்பின் கையை நீட்டினாள். "என்ர ஐடென்டிட்டியைத் தாங்கோ."

"மழை நனைக்கும், யோசி."

"நனைஞ்சாலும் என்னட்ட நனையட்டும்."

வாங்கித் தன் கைப்பையில் வைத்தாள். அதே பையிலிருந்து படிவத்தை எடுத்தாள். பெண் பொலிஸின் மேசையில் விரித்து, அவரிடமே பேனை கேட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கோடு இழுத்தாள். நீளமான, ஒரே இழுப்புக் கோடு. கை போன தூரத்திலிருந்து அவ்வளவு மட்டுமே தெரிந்தது. கையெழுத்திட்டாள். பின்பு தாளின் மேற்பாதியை உட்புறமாக மடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டாள்.

"அங்கிள், சாட்சிக்கு நீங்கள் வையுங்கோ."

"மேல என்ன இருக்கெண்டு பாக்காம எப்படி, பிள்ளை?"

"நான் கையெழுத்து வைச்சதைப் பாத்தனீங்கள்தானே?"

பார்த்தேன். சாட்சி உறுதிப்படுத்துவது கையெழுத்தை மட்டுமே என்பதும் சரிதான். கையெழுத்திட்டேன். என் வாழ்க்கையில் முதன்முறையாக, வாசிக்காத ஒரு தாளின் கீழ்.

எந்த வரி வெட்டுப்பட்டிருந்தாலும் படிவம் இரத்மலானைக்குப் போயாக வேண்டும். ஆகவே அவள் அடுத்துச் செய்ததிலிருந்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்.

அவள் வண்டியருகே போனாள். "இனிமேல் ஒரு தட்டு எண்டால் நிப்பாட்டவேணும். ரெண்டு தட்டு எண்டால் போகலாம். தட்டாட்டி வண்டி அசையக்கூடாது. விசில் ஊதினாலும் சரி."

"கொண்டக்டர் மாதிரியா?"

"ஓம். கொண்டக்டர் மாதிரி."

"பயமா இருந்தால்—"

"சத்தியம்!"

நிக்கலஸ் வண்டியில் ஏறினான். ஹெல்மெட்டை அணிந்து, இயந்திரத்தை முடுக்கி, முன்னால் பார்த்தபடி இருந்தான். அவள் ஏறினாள், வண்டி அமுங்கியது எனக்கே தெரிந்தது. தூறல் மறுபடி தொடங்கியது. பின்னால் வாகனங்கள் சேர்ந்தன. அந்த இராணுவச் சிப்பாய் விசிலை வாயில் வைத்து, பெண் பொலிஸைப் பார்த்து, எடுத்தார்.

நிக்கலஸ் தோளைத் தாழ்த்திக் காத்திருந்தான். அவளுடைய கை அவன் இடது தோளுக்கு மேலாக வந்தது. தட்டவில்லை. அதில் மடித்த படிவம் இருந்தது.

"வாசிக்காதேங்கோ. ஒபிஸில குடுங்கோ."

திரும்பிப் பார்க்காமல் அவன் அதை வாங்கினான். அதற்குப் பிறகுதான் தோளில் இரண்டு தட்டு விழுந்தது.